மாலையும் கணக்கும்

அரசியல் தலைவரால் ஆளப்படும் மக்களைக் குறிக்க நம் வழக்கில் இரு பழஞ்சொற்கள் உள்ளன. ஒன்று 'பிரசை', மற்றொன்று 'குடி'. முன்னது வடசொல். பிள்ளை, சந்ததி என்பதே அதன் முதற்பொருள். அரசன் தந்தை, ஆளப்படுவோர் பிள்ளைகள் என்னும் எண்ணம் அச்சொல்லிலேயே பொதிந்து கிடக்கின்றது. பின்னது குடும்பத்தையும், வீட்டையும், ஊரில் நிலைத்து வாழ்வோரையும் குறிப்பது. பிள்ளை தந்தைக்குப் பணிவதே முறை. தந்தையிடம் கணக்குக் கேட்பது மரபன்று. குடியோ வரி கொடுப்பது. கொடுத்தது என்னவாயிற்று என்று கேட்கும் நியாயம் அதற்கு உண்டு.

இலங்கைத் தமிழரின் இருபதாம் நூற்றாண்டு அரசியலைப் பிரசைகளாயிருந்தோர் குடிகளாக மாற முயன்ற வரலாறு என்று சொல்லலாம். அம்முயற்சி வென்ற இடங்களும் உண்டு. தோற்ற இடங்களும் உண்டு. தலைவர்களின் வரலாறு நம்மிடையே போதிய அளவு எழுதப்பட்டுவிட்டது. அவர்களுக்கு மாலையிட்டோரின் வரலாறு எழுதப்படவில்லை. அவ்வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1911ஆம் ஆண்டு டிசம்பரிற் சட்டநிரூபண சபையின் 'படித்த இலங்கையர்' ஆசனத்துக்குத் தேர்தல் நடைபெற்றது. நாடு முழுவதற்கும் ஏறத்தாழ மூவாயிரம் பேரே வாக்காளர். பொன்னம்பலம் இராமநாதன் டாக்டர் மாக்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்தார். சிங்களவரின் வாக்குகளால் ஒரு தமிழர் வென்றமை இன ஒற்றுமைக்குச் சான்றாக இன்றும் மேடைகளில் எடுத்துக் காட்டப்படுகின்றது. ஆனால், கொவிகம வாக்காளரிற் பலர் கராவ குலத்துச் சிங்களவரை விட வேளாள குலத்துத் தமிழரை விரும்பினர் என்பதை வரலாற்றாசிரியர் சுட்டிக் காட்டியுள்ளனர். அன்று இனத்தை வென்றது ஒற்றுமையன்று, சாதியே.

1915ஆம் ஆண்டு மே மாத இறுதியிற் கண்டியிலே தொடங்கிய கலகம் சில நாட்களிற் பல மாகாணங்களுக்கும் பரவிற்று. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஜூன் 2ஆம் திகதி தேசாதிபதி சாமேர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். கலகம் அடங்கிய பின்னரும் இராணுவச் சட்டம் ஆகஸ்டு மாத இறுதி வரை நீடித்தது. விசாரணையென்ற பெயராற் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் ஜூலை 7ஆம் திகதி கொல்லப்பட்டார். சேனநாயக்க சகோதரர் முதலிய சிங்களப் பிரமுகர்கள் சிறையிலிடப்பட்டனர். அவ்வேளையிற் சட்டநிரூபண சபையிலே அரசாங்கத்தின் கொடுமைகளை அஞ்சாது எடுத்துரைத்தவர் இராமநாதன். அவர் இலண்டனுக்குச் சென்று குடியேற்ற நாட்டு மந்திரியின் காரியாலயத்தில் முறையிட்டார். அது பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். சாமேர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். 1916இல் இராமநாதன் கொழும்புக்குத் திரும்பியபோது, சிங்களப் பிரமுகர்கள் அவரை வண்டியிலேற்றித் தாமே துறைமுகத்திலிருந்து அவர் இல்லம் வரை இழுத்துச் சென்றனர்.

இச்சம்பவத்தை அறியாத தமிழர் இல்லை. ஆயினும், அதனையடுத்துக் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு கேட்கப்படாமலே போயின.

முதலாவது: அக்கலகத்திலே கடையையும் உயிரையும் இழந்த முஸ்லிம்களுக்காகப் பேசியவர் யார்? அரசாங்கத்தின் அட்டூழியத்தைக் கண்டித்தது சரியே. ஆனால், அந்த வாதத்தின் வேகத்திற் பாதிக்கப்பட்ட சிறுபான்மையினரின் துயரம் பின்னே தள்ளப்பட்டது. 1880களில் முஸ்லிம்கள் இனத்தாலே தமிழரே என்று வாதிட்டவரும் இதே இராமநாதன் என்பதை அச்சமூகத்தார் மறக்கவில்லை. தமிழர் தலைமையின் மீது முஸ்லிம்கள் கொண்ட ஐயத்துக்கு அவ்விரு நிகழ்ச்சிகளும் வித்தாயின.

இரண்டாவது: வண்டியிழுத்த கைகள் அதன் பின்னர் என்ன செய்தன? 1918இல், மேல் மாகாணத்திலே தமிழருக்கு ஓர் ஆசனம் கிடைக்கத் துணைநிற்பதாகச் சிங்களத் தலைவர்கள் இருவர் பொன்னம்பலம் அருணாசலத்துக்கு எழுத்தில் வாக்களித்தனர். அவ்வாக்கை நம்பியே அவர் 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதற் தலைவரானார். 1921இல் அவ்வாக்குக் காற்றிற் பறந்தது. அருணாசலம் காங்கிரஸை விட்டு வெளியேறினார். வண்டியிழுத்து ஐந்து ஆண்டுகளே சென்றிருந்தன. நன்றி ஓர் உடன்படிக்கையன்று. ஆரவாரம் ஓர் அரசியற் சாசனமன்று. பிரமுகர் பிரமுகருக்குச் செய்யும் மரியாதை மக்களுக்கிடையே உறவை ஏற்படுத்திவிடுவதில்லை என்பதே அதன் பாடம்.

இனி, இராமநாதனின் வாழ்வின் இறுதிப் பகுதியை நோக்குவோம். மரியாதைக்கும் கணக்குக்கும் உள்ள வேறுபாட்டை அறிய அதைவிடச் சிறந்த இடமில்லை.

1927ஆம் ஆண்டு நவம்பரில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அன்று வாக்குரிமை பெற்றிருந்தோர் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேரளவினரே. கல்வியும் சொத்தும் உடைய ஆண்கள் மட்டுமே அத்தொகையுள் அடங்கினர். எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்று கேட்டோர் சிலரே. ஏ. ஈ. குணசிங்க தலைமையிலான தொழிற்சங்கத்தினர் கேட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தார் தம் இனத்தாருக்காகக் கேட்டனர். சிங்களரும் தமிழருமான பெருந்தலைவர்களிற் பெரும்பாலோர் அதனை விரும்பவில்லை. பாமரருக்கு வாக்களித்தால் நாடு கெடும் என்பதே அவர்களின் அச்சம். இராமநாதன் அவர்களுட் கடுமையாக எதிர்த்தவர். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட சாதியினருக்கும் வாக்குரிமை தகாது என்று அவர் கருதினார்.

1913இல் மருதனார்மடத்திலே பெண்களுக்குக் கல்லூரி கட்டியவர் அவர். 1921இல் திருநெல்வேலியிலே பரமேசுவராக் கல்லூரியை நிறுவியவரும் அவரே. அரை நூற்றாண்டின் பின், 1974இல், யாழ்ப்பாணத்தின் பல்கலைக்கழகக் கல்வி அவ்வளாகத்திலேயே தொடங்கிற்று. பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்று தம் பொருளைச் செலவிட்ட அதே பெரியார் பெண்ணுக்கு வாக்கு வேண்டாம் என்றார். இதனை முரண்பாடு என்று சொல்லி ஒதுக்கிவிடலாகாது. கல்வி அவர் கொடுப்பது; வாக்கு அவரிடம் கேட்பது. கொடுக்கும் கை மேலேயும் வாங்கும் கை கீழேயும் இருக்கும் சமுதாயத்திலே தருமம் செழிக்கும், உரிமை செழிக்காது. நிலவுடைமைத் தலைமையின் இயல்பு இதுவே. இராமநாதன் அதன் உயர்ந்த வடிவம். ஆதலின் அதன் எல்லையும் அவரிடத்திலே தெளிவாகத் தெரிகின்றது.

அவருடைய எதிர்ப்பில் நியாயமான ஒரு பகுதியும் இருந்தது. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கிப் பிரதேசவாரித் தொகுதிகளை ஏற்படுத்தினாற் பெரும்பான்மையினரின் ஆட்சியே நிலைக்கும் என்ற அச்சம் பொய்யான அச்சமன்று. 1936இல் தனிச் சிங்கள மந்திரி சபை அமைந்தபோது அது மெய்யாயிற்று. ஆனால், சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கையும், சிறுபான்மையினருள்ளே தாழ்த்தப்பட்டோருக்கு உரிமை வேண்டாம் என்ற கோரிக்கையும் ஒரே நாவிலிருந்து பிறந்தன. சபையிலே நீதி கேட்ட தலைமை, தன் ஊர்க் கிணற்றடியில் நீதி வழங்க மறுத்தது. அக்காலத்திலேதான் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்கவேண்டும் என்ற கட்டளை பிறந்தது. அதனைப் பொறாது வடக்கிலே சில பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன.

1929ஆம் ஆண்டு டிசம்பரில், டொனமூர் திட்டம் சட்டநிரூபண சபையில் இரண்டே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறிற்று. இராமநாதன் தமது முதிர்ந்த வயதில் இலண்டனுக்குச் சென்று அதற்கு எதிராக விண்ணப்பித்தார். 1930 நவம்பர் 26ஆம் திகதி அவர் காலமானார். அடுத்த ஆண்டு இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாரும் வாக்காளராயினர். பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இடாப்பில் ஏறின. இங்கிலாந்திற் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வாக்குரிமை பெற்று அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன.

வாக்கு என்னும் சொல்லுக்கு முதற்பொருள் பேச்சு என்பதே. அதுவரை பேச இடமில்லாதவர்களுக்குப் பேச்சுக் கிடைத்தது. கிடைத்தவுடன் வடபகுதியில் நடந்தது என்ன?

1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றி, பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற இயக்கம், யாழ்ப்பாணத்தின் முதலாவது முற்போக்கு அரசியல் இயக்கம் என்று போற்றத்தக்கது. ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளம் ஆசிரியர்களே அதன் உயிர். சாதி வேற்றுமையைக் கண்டித்தனர். தாய்மொழிக் கல்வியை வற்புறுத்தினர். 1927இற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவேற்றனர். 1931 ஏப்ரலில் கமலாதேவி சட்டோபாத்யாய தலைமையில் நடைபெற்ற மகாநாட்டிலே, டொனமூர் திட்டம் சுயராச்சியத்தைத் தரவில்லை என்று காரணங் காட்டித் தேர்தலைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தனர். மே 4ஆம் திகதி யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளுக்கும் நியமனப் பத்திரம் எவரும் தாக்கல் செய்யவில்லை. தேர்தலில் நிற்க எண்ணியிருந்தோரும் பின்வாங்கினர்.

அவர்களின் தேசபக்தியை நாம் ஐயுறவில்லை. சோறும் பதவியும் பெரிதெனக் கருதாத இளைஞர் கூட்டம் ஒன்று நம்மிடையே இருந்தது என்பதே நமக்குப் பெருமை. ஆயினும் கணக்கு வேறு. வாழ்க்கையில் முதன்முறையாக இடாப்பிலே தன் பெயரைக் கண்ட பெண்ணிடமும், வயலில் கூலி வேலை செய்தவரிடமும், கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரிடமும், உன் வாக்கை இம்முறை நீ பயன்படுத்தாதிருக்கச் சம்மதமா என்று கேட்டவர் யார்? தீர்மானம் மேடையிலே பிறந்தது. மண்டபத்திலே கைதட்டலுடன் நிறைவேறிற்று. மூன்று ஆண்டுகள் அந்நான்கு ஆசனங்களும் வெறுமையாகவே கிடந்தன. இராமநாதன் வேண்டாம் என்று மறுத்ததை வாலிபர்கள் பொறு என்று தடுத்தார்கள். நோக்கம் வேறு, இடாப்பிற் பெயர் ஏறிய ஏழைக்குக் கிடைத்த பயன் ஒன்றே.

1934இல் நடைபெற்ற இடைத்தேர்தல்களில் யாழ்ப்பாணத்துக்குத் தெரிவானவர் அருணாசலத்தின் மகன் மகாதேவா. காங்கேசன்துறைக்குத் தெரிவானவர் இராமநாதனின் மருகர் நடேசன். வாக்குரிமை வந்த மறுநாளே பழக்கம் மாறிவிடாது என்பதற்கு இவை சான்று. ஆனால் மாறிற்று. 1945 நவம்பரிற் சோல்பரித் திட்டத்தை ஏற்று வாக்களித்தமைக்காக உள்நாட்டு மந்திரியாயிருந்த மகாதேவாவை 1947இல் யாழ்ப்பாண வாக்காளர் தோற்கடித்தனர். பெருங்குடிப் பிறப்பும் தந்தையின் புகழும் அவருக்குத் துணை வரவில்லை. அன்று வென்றவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். 1948இல் அவரும் மந்திரியானார். மலைநாட்டுத் தொழிலாளரின் உரிமையைப் பறித்த சட்டங்களுள் முதலாவதை எதிர்த்தவர், மந்திரியான பின் இரண்டாவதை ஆதரித்தார். அதனைப் பொறாது செல்வநாயகம் முதலியோர் பிரிந்து 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சியை நிறுவினர். 1952இல் மக்கள் செல்வநாயகத்தை ஏற்கவில்லை, நடேசனே வென்றார். 1956இற் செல்வநாயகம் வென்றார். மக்கள் விரைவாகத் தீர்ப்பளிப்பதில்லை, பிழையாகவும் தீர்ப்பளிப்பதுண்டு. ஆனால், அடுத்த தேர்தலிலே தம் தீர்ப்பைத் திருத்தும் வழி அவர்களிடம் இருந்தது.

அந்த வழி அடைக்கப்பட்டவர்கள் மலைநாட்டு மக்கள். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் 1949இன் சட்டங்களாலும் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர், வாக்கையும் இழந்தனர். 1947இல் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் 1952இல் ஒருவரையேனும் அனுப்ப முடியவில்லை. 1964இற் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டபோது, பங்கிடப்பட்டோரிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாக்கில்லாதவனின் விசுவாசத்துக்கு விலையில்லை. அவன் கோபத்துக்கும் விலையில்லை. அவன் செய்யக்கூடியது விண்ணப்பம் ஒன்றே. நாடற்ற நிலை முற்றாக நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முற்போக்காளராகிய நாமும் நம் தலைவர்களிடம் கணக்குக் கேட்டோமா என்ற வினா இங்கே எழுகின்றது. 1956இற் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து, அது நாட்டைப் பிளக்கும் என்று எச்சரித்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1972இன் அரசியலமைப்பை உருவாக்கிய மந்திரியும் அவரே. சிங்களம் மட்டும் என்பது அதிலே அரசியலமைப்பின் விதியாயிற்று. வடக்கிலே செங்கொடி பிடித்த தொழிலாளியும் ஆசிரியரும் தலைமையை மதித்தனர், கேள்வியை விழுங்கினர். அந்த மௌனத்தின் விலையை இடதுசாரி இயக்கம் இன்றுவரை செலுத்திக்கொண்டிருக்கின்றது.

1972இன் அரசியலமைப்பை மக்கள் ஏற்கவில்லை என்று காட்டச் செல்வநாயகம் அவ்வாண்டு அக்டோபரிலே தம் பாராளுமன்ற ஆசனத்தைத் துறந்தார். தம் கொள்கையை மக்கள் முன் வைத்து மீண்டும் தீர்ப்புக் கேட்பதே அவரது எண்ணம். அரசாங்கம் இடைத்தேர்தலை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒத்திப்போட்டது. 1975 பெப்ரவரி 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. அவர் 16,000க்கு மேற்பட்ட வாக்குகளால் கம்யூனிஸ்ட் வேட்பாளரை வென்றார். அவருடைய கொள்கையை ஏற்போரும் மறுப்போரும் இருக்கலாம். ஆனால், தலைவர் ஒருவர் பதவியைக் கீழே வைத்துவிட்டு மக்களிடம் நேரே வந்து நின்ற செயல், கணக்குக் கொடுத்தலின் தூய வடிவம் என்பதில் ஐயமில்லை.

அதே ஆண்டு ஜூலை 27ஆம் திகதி யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலடியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் அரசாங்கத்துக்குத் துணைபோனார் என்பது குற்றச்சாட்டு. 1960இல் அவரைத் தெரிவு செய்ததும், 1965இல் அவரைத் தோற்கடித்ததும் யாழ்ப்பாண வாக்காளரே. அவரிடம் கணக்குக் கேட்கும் வழி தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களிடமிருந்து அவ்வுரிமை அன்று பறிக்கப்பட்டது.

ஆறு மாதங்களுக்குள் இரு வகையான தீர்ப்புகள் ஒரே குடாநாட்டில் நிகழ்ந்தன. ஒன்று வாக்காலே, மற்றது துவக்காலே. 'துரோகி' என்னும் சொல் அதன்பின் நம் அரசியலில் நிலைபெற்றது. அச்சொல் மாலைக்கு எதிரானது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது மாலையின் உடன்பிறப்பு. தலைவனைத் தெய்வமாக்குவோர் அவன் செயல்களை ஆராய்வதில்லை, துரோகியாக்குவோரும் ஆராய்வதில்லை. இரு சாராரும் ஒன்று சேர்ந்து விலக்குவது கணக்கையே. சிலப்பதிகாரக் கண்ணகி பாண்டியன் அவையில் முதலிற் செய்தது சான்று காட்டியது. சிலம்பை உடைத்து உள்ளிருந்த பரலைக் காட்டினாள். தீ அதன் பின்னரே வந்தது. நாம் தீயை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

1970இல் வட்டுக்கோட்டை வாக்காளர் அமிர்தலிங்கத்தைத் தோற்கடித்தனர். 1977இல் அவர் காங்கேசன்துறையில் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். 1989இற் கொழும்பிலே சுட்டுக் கொல்லப்பட்டார். வாக்காலே வீழ்ந்தவர் திருந்தி மீளலாம். வீழ்த்தியவரும் தம் பிழையை உணர்ந்து அவரை மீட்கலாம். துவக்கு இரு சாராருக்கும் அந்த இடத்தைத் தருவதில்லை.

அரசும் இதில் நிரபராதியன்று. 1982 டிசம்பர் 22ஆம் திகதி பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு ஒன்றை நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டிற்று. 1983 ஆகஸ்டில் நிறைவேறிய ஆறாவது திருத்தம், தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று ஒவ்வோர் உறுப்பினரும் சத்தியஞ் செய்யவேண்டும் என்றது. செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தனர். 1931இற் பகிஷ்காரத்தால் வெறுமையான தொகுதிகள் அரை நூற்றாண்டின் பின் சத்தியத்தால் மீண்டும் வெறுமையாயின. விசுவாசத்தைச் சட்டத்தாற் கறந்தெடுக்க முயன்றோர் பெற்றது விசுவாசமன்று. பேச்சற்ற ஒரு வெளி. அவ்வெளியிலே துவக்கு மட்டுமே பேசிற்று.

தெற்கின் மக்களும் இப்பாடத்தைத் தாமதமாகவே கற்றனர். 2019இற் பெருவாரியான வாக்குகளால் வெற்றிவாகை சூட்டப்பட்ட சனாதிபதி 2022 ஜூலையிலே நாட்டை விட்டு ஓடிப் பதவி துறந்தார். மூன்று ஆண்டுகளுக்குள் ஆராதனை ஆத்திரமாயிற்று. இடையில் நிகழ்ந்திருக்க வேண்டியது கணக்குக் கேட்டல். அது நிகழாதபடியாற் பசியும் இருளும் வந்து கேட்டன.

ஆகவே, தலைவர்களை மதிக்கவேண்டாம் என்பது நம் வாதமன்று. 1915இல் இராமநாதன் காட்டிய துணிவுக்கு மரியாதை உரியது. வாலிபர் காங்கிரஸின் தன்னலமின்மைக்கு மரியாதை உரியது. மரியாதை என்பது செய்த செயலுக்குக் கொடுக்கும் கூலி. செய்யப்போகும் செயலுக்கு எழுதிக் கொடுக்கும் வெற்றுப் பத்திரமன்று. ஒரு நாள் இட்ட மாலை மறுநாள் கேட்கவேண்டிய கேள்வியை மூடிவிடக்கூடாது. கேட்ட கேள்வியும் மறுமொழிக்கு இடம் வைத்துக் கேட்கப்பட வேண்டும்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஊர்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திலே தனாதிகாரி கணக்கு வாசிக்கிறார்; சந்தேகமுள்ளவர் எழுந்து கேட்கிறார்; தனாதிகாரி பற்றுச்சீட்டைக் காட்டுகிறார். அங்கே எவரும் அவரைத் தெய்வம் என்பதில்லை, துரோகி என்பதுமில்லை. அந்தச் சிறு மண்டபத்தில் நமக்குத் தெரிந்திருக்கும் முறையை நாட்டின் பெரிய மண்டபத்துக்குக் கொண்டு செல்லும் நாளிலேதான் நாம் பிரசைகளாயிருந்த காலம் முடிவுறும். குடிகளின் காலம் தொடங்கும்.